இருபது வீட்டு ரொட்டிச் சத்தம்

உலகத்தில் இதுவரை வீழ்ந்த பேரரசுகள் அத்தனையும் காலையில் சாப்பிடாததால்தான் வீழ்ந்தன. இந்த உண்மையை நரிக்கல் தோட்டத்து மருந்துச்சாலைக்குப் பொறுப்பான வீரசிங்கம், எழுபத்து நாலாம் ஆண்டு ஆவணி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், காலை ஐந்தே முக்கால் மணிக்கு, பெரட்டுக்களத்தில் ஒரு தேயிலைப் பெட்டியின் மேல் ஏறி நின்று வெளியிட்டார். அன்றைய வேலைக்குப் பெயர் கொடுக்க வந்து நின்ற நாற்பத்தெட்டுப் பெண்களும் பதினேழு ஆண்களும் அதைக் கேட்டார்கள். அவர்களில் எவருக்கும் பேரரசு இருந்ததில்லை. காலைச் சாப்பாடும் இருக்கவில்லை. ஆகவே யாரும் மறுத்துப் பேசவில்லை.

"ரோமாபுரிக்காரன் என்னா செஞ்சான்?" என்று வீரசிங்கம் கேட்டார். பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஓர் இருமல் மட்டும் வந்தது. "வெறும் வயித்தோட சண்டைக்குப் போனான். போய் விழுந்தான்."

"அவங்களுக்கும் கூப்பன் மாவப் பாதியா வெட்டிட்டாங்களாங்க, ஐயா?" என்று முன்வரிசையில் நின்ற ரெங்கம்மா கேட்டாள்.

ரெங்கம்மாவுக்கு நாற்பது வயது. அந்தப் பிரிவில் கொழுந்து எடுப்பதில் அவள் விரலை மிஞ்ச ஆளில்லை. அவள் விரலை மிஞ்சியது அவள் நாக்கு ஒன்றுதான். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். முருகையாக் கங்காணி, "யே, ஐயா பேசுறப்ப என்னா பேச்சு" என்று அதட்டிவிட்டுத் தானும் மீசைக்குள் சிரித்தார்.

வீரசிங்கம் இதற்கெல்லாம் அசைகிறவர் அல்லர். சுருட்டி வைத்திருந்த படத்தை எடுத்து ஒரு முனையைக் கங்காணியிடம் கொடுத்து விரித்தார். கொழும்பில் அச்சான படம். ஒரு மேசை, அதைச் சுற்றி ஒரு குடும்பம். மேசையில் அவித்த முட்டை, ஒரு கிளாஸ் பால், வெட்டிய பப்பாசிப்பழம், ஒரு கோப்பை நிறையக் கடலை. குடும்பத்தில் நாலு பேரும் சாப்பாட்டைப் பார்க்காமல் படம் பிடித்தவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவ்வளவு சாப்பாட்டை முன்னால் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்க்கிறவர்களை நரிக்கல் தோட்டம் அதுவரை கண்டதில்லை.

"ஐயா, அந்த முட்டையக் கொஞ்சம் தாழ்த்திப் புடிங்க. பின்னால நிக்கிறவங்களுக்கும் ஒரு வாய் கெடைக்கட்டும்."

"ரெங்கம்மா, இது வெளையாட்டு இல்ல. ராத்திரி பூரா வயிறு காஞ்சு கெடக்கு. காலையில அதுக்கு ஒண்ணும் போடலன்னா ரத்தம் எங்கேருந்து ஊறும்? தாய்க்குப் பால் எங்கேருந்து ஊறும்? காலையில சாப்பிடாம மலைக்குப் போறவ தன்னையும் ஏமாத்துறா, புள்ளையையும் ஏமாத்துறா. சாப்பிடாதவங்க யாராச்சும் இருக்கீங்களா? கையத் தூக்குங்க."

ஒரு கையும் உயரவில்லை. வீரசிங்கம் மகிழ்ச்சியோடு பெட்டியிலிருந்து இறங்கினார்.

அவருக்கு இருபத்தேழு வயது. ஊர் அப்புத்தளை. பதுளையில் ஆறு மாதம் பயிற்சி எடுத்தவர். பரீட்சையில் 'காலை உணவின் அவசியம்' என்ற கேள்விக்கு இரண்டு கடதாசி அதிகமாக வாங்கி எழுதியவர். அவர் டொக்டர் இல்லை. ஆனால் தோட்டத்தில், நாக்கை நீட்டச் சொல்கிறவரெல்லாம் டொக்டர்தான்.

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முன்பெல்லாம், ஒரே கூரையின் கீழ் காம்பரா எனும் ஒற்றை அறைகள் வரிசையாக ஒட்டிய லயத்தில், பெண்கள் நாலரைக்கு எழுந்து கோதுமை மாவைப் பிசைந்து ஆளுக்கு இரண்டு ரொட்டி தட்டுவார்கள். ஒன்றைத் தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டு, மற்றதைத் துணியில் முடிந்துகொண்டு மலையேறுவார்கள். அந்த வருஷம் அரசாங்கம் கூப்பனுக்குக் கொடுக்கும் மாவு பாதியாகி, பாதி காலாகி, சில கிழமைகளில் கடைக்காரரின் கைவிரிப்பாகவும் ஆகியிருந்தது. இது வீரசிங்கத்துக்கும் தெரியும். ஆனால் மாவு எவ்வளவு வருகிறது என்பது பாடத்திட்டத்தில் இல்லை. எப்போது சாப்பிட வேண்டும் என்பதுதான் இருந்தது.

புதன்கிழமை பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளை நிறுக்கும் நாள். தாய்மார் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் அது. குழந்தைத் தராசு உடைந்து எட்டு மாதம் ஆகியிருந்ததால், கொழுந்துத் தராசிலேயே சீலையில் தூளி கட்டித் தொங்கவிட்டு நிறுப்பார்கள்.

தனலெட்சுமியின் குழந்தை தூளியில் கிடந்தது. மூன்று மாதப் பெண்பிள்ளை. அழுவதற்கு வாயைத் திறந்து, அது பெரிய வேலை என்று பட்டதுபோல மூடிக்கொண்டது. முள் எட்டே முக்கால் ராத்தலில் நின்றது. போன கிழமை, ஏழு நாளுக்கு முன்னால் நிறுத்தபோதும், அங்கேதான் நின்றது.

"கொழுந்து நிறுக்கையில கூடைக்குக் கழிக்கிற மாதிரி புள்ளைக்கும் ரெண்டு ராத்தல் கழிச்சிராதீங்க, ஐயா" என்றாள் பக்கத்தில் நின்ற ரெங்கம்மா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

தனலெட்சுமிக்கு இருபத்திரண்டு வயது. கரும்பு வெட்டும் வேலை தேடி மொனராகலைப் பக்கம் போன புருஷன் இரண்டு மாதமாக ஆளும் வரவில்லை, சேதியும் வரவில்லை.

"பதினொரு ராத்தலாச்சும் இருக்கணும். நீ காலையில சாப்பிடுறியா?"

"சாப்பிடுறேங்க."

"என்னா சாப்பிடுறே?"

"ரொட்டிங்க."

வீரசிங்கம் தலையாட்டினார். அவள் சொல்வது உண்மை என்பதற்கு அவரே சாட்சி. மருந்துச்சாலை லயத்தின் கடைசிக் காம்பராவில் இருந்தது. அதன் பின்பகுதியில் அவருடைய குடித்தனம். அவருடைய அடுப்படிக்கும் தனலெட்சுமியின் காம்பராவுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தச் சுவரும் கூரைத் தகரத்தைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டது. தினமும் நாலே முக்காலுக்கு அந்த இடைவெளி வழியாக உள்ளங்கைகளுக்கு நடுவில் ரொட்டி தட்டும் சத்தம், டப் டப் டப்பென்று, வரும். அதைக் கேட்டுத்தான் அவர் எழுவார். எழுந்து தானும் இரண்டு தட்டுவார்.

"அப்ப நல்லா மென்னு தின்னு" என்று அறிவுரை சொன்னார்.

அந்தக் கிழமையே தோட்டத்தை நடத்தும் துரை அவரைக் கூப்பிட்டு, மேலிடத்திலிருந்து வந்த ஒரு கடிதத்தைக் காட்டினார். பெண்கள் சாப்பிடாமல் மலைக்குப் போகும் தோட்டங்கள் சிலவற்றுக்கு, தினமும் காலையில் பெரட்டுக்களத்திலேயே அரிசியும் பயறும் போட்ட கஞ்சி கொடுக்கப் போகிறார்கள். பிள்ளைத்தாய்ச்சிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இரண்டு அகப்பை. ஆனால் எல்லாத் தோட்டத்துக்கும் காணாது. எத்தனை வீட்டில் காலையில் அடுப்பெரிகிறது, எத்தனை வீட்டில் ரொட்டி தட்டுகிறார்கள் என்று மருந்துச்சாலைக்காரர் பார்த்து எழுத வேண்டும்.

வீரசிங்கம் இந்தப் பொறுப்பை நேர்மையாகச் செய்ய முடிவு செய்தார். கஞ்சியைப் பற்றி ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. தெரிந்தால் ஆட்கள் பொய் சொல்வார்கள் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தெரியாவிட்டால் என்ன சொல்வார்கள் என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

நாலு நாள் விடியற்காலை, கழுத்தில் மப்ளரும் கையில் டோர்ச்சுமாக லயத்தைச் சுற்றினார். காம்பராக்களுக்குள் நுழையவில்லை. பெண்கள் அரைகுறை உடுப்பில் அடுப்பு மூட்டும் நேரத்தில் உத்தியோகத்தர் ஒருவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. தவிரவும் வாசல் உயரம் நாலரை அடி. குனிந்தால் உத்தியோகமும் கொஞ்சம் குனிந்துவிடும். ஆகவே வெளியிலேயே நின்று காதால் பார்த்தார்.

முதல் காம்பரா, டப் டப் டப். இரண்டாவது, டப் டப் டப். இராக்கம்மா வீட்டில் கொஞ்சம் மெதுவாக. ரெங்கம்மா வீட்டில் தவில் அடிக்கிற மாதிரி. கூரை ஓட்டைகள் வழியாகப் புகையும் வந்தது. இருபது காம்பராவிலும் சத்தம். நாலு நாளும் சத்தம். நாலாம் நாள் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பேரரசுகள் கேட்காத தன் பேச்சை ஒரு லயம் கேட்டிருக்கிறது.

அறிக்கையில், "இருபது வீடுகளில் இருபதிலும் காலை உணவு தயாரிக்கப்படுகிறது. இது தொடர்ச்சியான சுகாதாரப் பிரசாரத்தின் விளைவாகும்" என்று எழுதி, 'தொடர்ச்சியான' என்பதன் கீழ் ஒரு கோடும் போட்டார்.

பதினைந்தாம் நாள் மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. அதற்கு மறுநாள் அரிசியும் பயறும் ஏற்றிய லொறி தோட்டத்து வளைவில் திரும்பி, நிற்காமல், அடுத்த மலைத் தோட்டத்துக்கு ஏறிப் போனது.

அதே நாள் பகல் கொழுந்து நிறுக்கும் இடத்தில் தனலெட்சுமி கூடையை இறக்கி வைத்தாள். பிறகு தானும் கூடைக்குப் பக்கத்தில், யாரோ இறக்கி வைத்த மாதிரி, மெதுவாக உட்கார்ந்து சாய்ந்தாள். ரெங்கம்மாவும் கங்காணியும் அவளைத் தூக்கிக்கொண்டு மருந்துச்சாலைக்கு வந்தார்கள்.

வீரசிங்கம் முகத்தில் தண்ணீர் தெளித்து, மூக்குக்கு மருந்து காட்டினார். அவள் கண்ணைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "புள்ள எங்க?" என்பது. அவர் கேட்ட முதல் கேள்வி வேறு.

"காலையில என்னா சாப்பிட்டே?"

"ரொட்டிங்க."

"எத்தன?"

"ரெண்டுங்க."

"ரெண்டு ரொட்டி சாப்பிட்டவ பன்னெண்டு மணிக்கு மயங்க மாட்டா. எனக்குத் தெரியும், படிச்சிருக்கேன். நீ தட்டுனத நானே கேட்டேன். நல்லா நெனவிருக்கு, ரெண்டு ரொட்டிக்குத் தட்டுனே."

ரெங்கம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "ஐயா சத்தத்தையா எண்ணுனீங்க?"

"பின்ன?"

ரெங்கம்மா இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். கொழுந்துக் கறை ஏறிய வெறும் கைகள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, திருப்பித் திருப்பித் தட்டினாள். டப் டப் டப். அதே சத்தம். தட்டி முடித்து, உள்ளங்கையை மரியாதையாக அவர் பக்கம் நீட்டினாள்.

"இந்தாங்க ஐயா, சாப்பிடுங்க. சூடா இருக்கு."

வீரசிங்கத்துக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கோபம் வந்தது. அது யார்மேல் வந்த கோபம் என்று பார்க்க நேரமில்லாததால் எதிரில் நின்றவள்மேல் கொட்டினார்.

"இருபது வீட்டுலயுமா? வெறுங்கையத் தட்டி யார ஏமாத்துறீங்க? தட்டுனா வயிறு நெறையுமா? இதுக்கு ஒரு மிருதங்கம் வாங்கி வச்சுக்கிட்டா லயம் பூரா கச்சேரி கேக்கலாமே! இந்த மாதிரிப் பைத்தியக்கார வீம்பு நான் எங்கயும் கண்டதில்ல. இல்லன்னா இல்லன்னு சொல்றதுக்கு என்னா கேடு?"

"மொதல்ல இராக்கம்மா வீட்டுல சத்தம் கேட்டுச்சுங்க. அவ தட்டுறா, நாம சும்மா இருந்தா என்னா நெனப்பான்னு நானுந் தட்டுனேன். பொறவுதான் தெரியுது, நான் தட்டுறேன்னுதான் அவ தட்டுறா." ரெங்கம்மா சிரித்தாள். "இப்ப என்னாங்க, காதுக்காச்சும் காலைச் சாப்பாடு கெடைக்குதுல்ல. நீங்கதான சொன்னீங்க, கட்டாயம் வேணும்னு."

வீரசிங்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். லொறியைப் பற்றிச் சொன்னார். கடிதத்தையும், இரண்டு அகப்பைக் கஞ்சியையும், 'இருபதில் இருபது' என்பதையும் சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார். கங்காணி தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார்.

கடைசியில் ரெங்கம்மாதான் பேசினாள். குரலில் கேலி இல்லை. அது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குப் பட்டது.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாலு நாளைக்கிக் கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருப்போமே, ஐயா."

மறுநாள் காலை ஏழரைக்கு அவர் பங்களாவுக்குப் போனார். துரை வராந்தாவில் இருந்தார். வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. அதற்கென்றே செய்த சின்னக் கிண்ணத்தில் அவித்த முட்டை. பாதி வெட்டிய பப்பாசி. ஒரு கிளாஸ் பால். வீரசிங்கம் ஆறு மாதமாக அந்தப் படத்தைச் சுருட்டிக்கொண்டு திரிந்தவர். படத்துக்குள் உட்கார்ந்திருக்கும் ஆளை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார்.

துரை கண்டிப் பக்கத்துச் சிங்களவர். தமிழை அளவாகப் பேசுவார். "என்னா வீரசிங்கம், காலங்காத்தால?"

"அந்த அறிக்கை பிழைங்க, சேர். எந்த வீட்டுலயும் ரொட்டி இல்ல."

"நீ பாத்து எழுதினதுதானே?"

"கேட்டு எழுதினதுங்க."

துரை கரண்டியை வைத்தார். வீரசிங்கம் விளக்கினார். வெறுங்கையைத் தட்டுவது எப்படி என்று செய்தும் காட்டினார். துரை கெட்டவர் அல்லர். முழுவதையும் கேட்டார்.

"இப்ப நான் என்ன எழுதறது? எங்க ஆளுக்குக் காது கோளாறுன்னா?"

"எழுதுங்க சேர். வேலை போனாலும் பரவாயில்ல."

"வேலை போகும். ஆனா கஞ்சி வராதே. அங்க அடுப்பு வச்சாச்சு, ஆளுங்க குடிக்கிறாங்க. அவங்ககிட்டருந்து புடுங்கி இங்க குடுன்னு எழுதவா?"

அங்கேயும் ஒரு தனலெட்சுமி இருப்பாள். வீரசிங்கம் வேறு வழி கேட்டார்.

"கூப்பன் மாவுக்காச்சும் எழுதலாமா, சேர்?"

"போன மாசமே எழுதினேன். கடைக்கு வந்தா குடுப்பாங்க." துரை முட்டையைப் பார்த்தார். பிறகு, அப்போதுதான் கவனித்தவர்போல், "நீ சாப்பிட்டியா?" என்றார்.

"சாப்பிட்டேங்க."

சொன்ன பிறகுதான் அது பொய் என்று அவருக்கு ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை, பக்கத்து டவுனான பசறைக்கு பஸ் ஏறினார். நாலு கடையில் கேட்டார். நாலு கடையிலும் மாவு என்ற சொல்லுக்கே ஆட்கள் சிரித்தார்கள். ஐந்தாவது இப்றாஹீம் நானாவின் கடை. நானாவுக்குச் சர்க்கரை வியாதி. மருந்துக் குளிசையை எப்போது போடுவது என்று வீரசிங்கம் ஒருமுறை சொல்லிக் கொடுத்த பழக்கம்.

"மாவா? டொக்டர், மாவு வந்து மூணு கெழம. எங்கட ஊட்டுலயே மரவள்ளிதான் அவிக்கிற."

"ஏதாச்சும் பாருங்க நானா. பால் குடுக்கிற தாய் ஒருத்திக்கு."

நானா இருக்கையை விட்டு எழுந்தார். பின்னறைக்குப் போய் உள்ளே மனைவி ஜெமீலாவிடம் மெல்லிய குரலில் ஏதோ பேசினார். பதிலும் மெல்லிய குரலில், ஆனால் நீளமாக வந்தது. வெளியே வரும்போது கையில் ஒரு சிறு பை. "குரக்கன் மாவு. ஒரு கொத்து ஈக்குது. மொனராகலையால தம்பி கொணாந்த. ஊட்டுக்கு வச்சது. கொண்டு போங்க. யாருக்கிட்டயும் செல்லாதீங்க, நாளைக்கி பசறையே வந்து வாசல்ல நிக்கும்."

அன்று மாலை வீரசிங்கம் அந்தக் கேழ்வரகு மாவையும், தன் கூப்பனுக்குக் கிடைத்திருந்த கோதுமை மாவு முழுவதையும் சேர்த்து, மருந்து மடிக்கும் பழுப்புக் கடதாசியில் ஒன்பது பொட்டலமாகக் கட்டினார். சும்மா கொடுத்தால் அவள் வாங்க மாட்டாள் என்று தெரியும். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு சீட்டு ஒட்டினார். தனலெட்சுமிக்கு எழுத்து வாசிக்க வராததால், கூப்பிட்டு வைத்து வாசித்தே காட்டினார்.

"தாய்க்கு. தினமும் காலை, வெறும் வயிற்றில், ரொட்டி இரண்டு. பிறருக்குக் கொடுக்கக் கூடாது."

அவள் பொட்டலத்தை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தாள். "மருந்துங்களா?"

"மருந்துதான்."

"கசக்குமாங்க?"

"சம்பல் வச்சுக்கலாம்."

தனக்கு மத்தியானம் மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. ஒன்பது நாள் காலையில் வெறுந்தேத்தண்ணியோடு இருந்தால் செத்துவிட மாட்டோம் என்று வீரசிங்கம் நினைத்துக்கொண்டார். இது அவருடைய பாடநூலுக்கு நேர் எதிர்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை சுவருக்கு அந்தப் பக்கம் டப் டப் டப்பென்று கேட்டது. இந்த முறை சத்தத்துக்குப் பின்னால் கல்லில் மாவு வேகும் வாசனையும் வந்தது. அவர் போர்வைக்குள் கிடந்து அதை மூச்சில் இழுத்தார். வயிறு சத்தம் போட்டது. ஆனாலும் பல நாளுக்குப் பிறகு அவருக்கு மனது கொஞ்சம் லேசாக இருந்தது.

கால் மணி நேரத்தில் பின்கதவு தட்டப்பட்டது. தனலெட்சுமி நின்றாள். இடுப்பில் குழந்தை, கையில் ஒரு தட்டு, தட்டில் ஒரு ரொட்டி.

"ஐயா வீட்டுல சத்தமே இல்லீங்களே."

"நான் சாப்பிட்டாச்சு."

"எப்பங்க? நான் நாலரைக்கே எந்திரிச்சிட்டேன். அடுப்புச் சத்தங் கூடக் கேக்கல."

"பேக்கரியில பாண் வாங்கி வச்சிருந்தேன்."

"பசறையிலேயே பாண் இல்லன்னாங்களே."

"தனலெட்சுமி, சீட்டுல என்னா எழுதியிருக்கு? பிறருக்குக் கொடுக்கக் கூடாதுன்னு வாசிச்சுக் காட்டுனேன்ல?"

அவள், "ஐயா பிறத்தியாருங்களா?" என்று கேட்டுவிட்டு, தட்டை அடுப்படித் திட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் தட்டோடு பின்னால் போனார். அவள் கதவைச் சாத்தியிருந்தாள். கதவைத் தட்டினால் லயம் முழுவதும் வாசலுக்கு வந்துவிடும். திரும்பி வந்தார். ரொட்டி சூடாக இருந்தது. அவர் அதைச் சாப்பிட்டார். ரொட்டி இரண்டில் ஒன்று டொக்டருக்குப் போனால் தாய்க்குப் பால் எவ்வளவு ஊறும் என்பது பற்றி அவருடைய நூலில் ஒரு வரியும் இல்லை.

திங்கட்கிழமையும் அவர் பக்கம் சத்தமில்லை, தட்டு வந்தது. செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வருமுன்பே எங்காவது போய்விடலாம் என்று புறப்பட்டார். திரும்பி வந்தபோது தட்டு திட்டின் மேல் இருந்தது, மூடிபோட்டு. மூடியின் மேல் பூனை தள்ளாமல் இருக்க ஒரு கல்லும் இருந்தது.

புதன்கிழமை பிள்ளைக் காம்பராவில் முள் எட்டரைக்கும் எட்டே முக்காலுக்கும் நடுவில் நின்றது. வீரசிங்கம் தராசைத் தட்டிப் பார்த்தார். தூளியின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினார். குழந்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்ன செய்தாலும் அது அவரை நம்பியது. முள் அசையவில்லை.

"ஏறலீங்களா?" என்றாள் தனலெட்சுமி.

"நாலு நாள்ல தெரியாது. மூணு கெழமயாச்சும் ஆகும்."

பொட்டலம் இன்னும் ஐந்து நாளைக்குத்தான் இருக்கிறது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பேசவில்லை. குறைந்த அந்த இரண்டு அவுன்ஸ் எங்கே போனது என்று வீரசிங்கத்துக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. நாலு நாளாகத் தான் சாப்பிட்டதை எண்ணிப் பார்த்தார். விஞ்ஞானப்படி அப்படிக் கணக்குப் போடக் கூடாது. ஆனாலும் தொப்பைக்கு மேல் பொத்தானைப் போடும்போது கை கூசியது.

ரெங்கம்மா வெளியே நின்றாள். "ரெங்கம்மா, எங்க வீட்டுல சத்தமில்லன்னு இவ ஏன் இப்படி..." என்று ஆரம்பித்தார்.

"எதுக்கு இந்த வீம்புன்னு நீங்க அன்னைக்கி ஏசுனீங்களே ஐயா." அவள் கூடையை முதுகில் ஏற்றிக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டாள். "பக்கத்து வீட்டுல சத்தமில்லன்னா நம்ம தொண்டையில எறங்குமா? எடுத்துக்கிட்டுத்தான் ஓடுவோம். நம்ம வீட்டுல சத்தமில்லன்னா அவளும் அப்படித்தான் ஓடி வருவா, அவகிட்டயும் ஒண்ணுதான் இருக்கும்." அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. மலைக்கு நேரமாகிவிட்டது.

வியாழக்கிழமை பெரட்டில் கங்காணி, "இன்னைக்கிப் பிரசங்கம் இல்லீங்களா?" என்று கேட்கக்கூடும் என்று நினைத்து, வீரசிங்கம் அன்று பெரட்டுக்கே போவதில்லை என்று முதல் நாள் மாலையே முடிவு செய்திருந்தார். ஆனால் விடியுமுன்பே விழிப்பு வந்துவிட்டது. குளிர் தகரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. எழுந்து அடுப்பில் இரண்டு சுள்ளியை வைத்துப் பற்றவைத்தார். கேத்தலை வைத்தார். மாவுத் தகரத்தைத் திறந்து பார்த்தார். அது காலி என்று தெரிந்துதான் திறந்தார். மூடியைச் சத்தம் வரும்படி மூடினார்.

அந்தப் பக்கம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. குழந்தை ஒருமுறை சிணுங்கியது. பாயில் யாரோ எழுந்து உட்காரும் அரவம்.

வீரசிங்கம் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றார். கைகளைத் துடைத்துக்கொண்டார். ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, திருப்பித் திருப்பி, டப் டப் டப்பென்று தட்டினார். முதலில் தாளம் சரியாக விழவில்லை. கைத்தட்டல் மாதிரி இருந்தது. உள்ளங்கையைக் கொஞ்சம் குழித்துக்கொண்டு தட்டியதும் சரியாக வந்தது.

அந்தப் பக்கத்து அரவம் நின்றது. அவள் காது கொடுத்துக் கேட்கிறாள்.

ஒரு ரொட்டி கல்லில் வேகிற நேரம் அவர் கையைத் தொங்கவிட்டுக் காத்திருந்தார். பிறகு இரண்டாவதைத் தட்டத் தொடங்கினார்.